கடலில் அனுப்புவதா, ஃப்ளைட்டில் அனுப்புவதா: பையருக்கு மெயில் எழுதுகிறவர்களுக்கு ஏற்ற நீலப் புத்தகம்

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் (ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும்) ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்பவராக, இருப்பவர்களுக்குப் பேச்சைவிட எழுத்துதான் அதிகம். அதிலும் பாதி மெயில், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு பையரிடம் சம்மதம் வாங்குகிற மெயில். ஷேடு மாறின துணியை ரீ-டை பண்ணுவது (மறுபடி சாயம் போடுவது) நல்லதா, புது லாட் (புதுத் துணித் தொகுதி) ஓட்டுவது நல்லதா? பிரிண்ட்டை மாற்றுவது சுலபமா, எம்பிராய்டரிக்குப் போவது சுலபமா? சரக்கைக் கப்பலில் அனுப்புவதா, ஃப்ளைட்டில் அனுப்புவதா? 2023 கடைசியில் செங்கடல் பக்கம் தாக்குதல் ஆரம்பித்து, ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போகத் தொடங்கிய பிறகு இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் மெயில்களில் இன்னும் கூடிவிட்டது.

இந்த மாதிரி வாக்கியங்களில்தான் நன்றாக ஆங்கிலம் படித்த பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். ‘டு ஷிப்’ என்று இன்ஃபினிட்டிவ் போடுவதா, ‘ஷிப்பிங்’ என்று ஜெரண்ட் போடுவதா? முதல் பாதியில் ஒன்று போட்டால் இரண்டாம் பாதியிலும் அதையே போட வேண்டுமா? இதற்கு ஒரு புத்தகம் சொல்லுங்கள் அக்கா என்று என் டீமில் சேர்கிற ஜூனியர்கள் கேட்கும்போது நான் காட்டுவது ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் வெளியீடு. முதல் பதிப்பு 1985-இல் வந்தது. என் மேஜையில் இருப்பது 2019-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, நீல அட்டை. 145 பாடங்கள். எல்லாவற்றையும் இங்கே அலசப் போவதில்லை. ஒப்பீட்டு வாக்கியம் எழுத இது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தின் அமைப்பு. திறந்து வைத்தால் இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. ஒரு பாடம் அந்த இரண்டு பக்கத்தோடு முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. ஃபேக்டரியிலிருந்து சாம்பிள் வருகிற வரைக்கும் கிடைக்கிற இடைவெளியில் ஒரு பாடத்தை முடித்துவிடலாம். விளக்கமும் சுருக்கம்தான். இலக்கணப் பெயர்களை அடுக்கிப் பயமுறுத்துவது கிடையாது. ஜெரண்ட் என்ற பெயரைச் சொல்லி வகுப்பெடுக்காமல், வினையோடு ‘இங்’ சேர்ந்தது, வினைக்கு முன்னால் ‘டு’ வந்தது என்று கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தை வைத்தே பாடம் நடக்கிறது. நம் வீடுகளில் பல தலைமுறையாக இருக்கிற ரென் அண்ட் மார்ட்டினில் படித்து வந்தவர்களுக்கு இது முதலில் கொஞ்சம் லேசாகத் தெரியும். அந்தப் புத்தகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க அது கற்றுக்கொடுக்கிறது. ஆனால் மெயிலை அனுப்புவதற்கு முன்னால் அவசரமாக ஒரு சந்தேகம் தீர வேண்டும் என்றால் மர்ஃபிதான்.

‘இங்’கும் ‘டு’வும் 53-ஆம் பாடத்தில் ஆரம்பித்து 68 வரை போகிறது. நடுவில் 59-ஆம் பாடம். ‘ப்ரிஃபர்’, ‘வுட் ராதர்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திச் சொல்கிற பாடம் இது. என்னைக் கேட்டால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் புத்தகம் வாங்கிய அன்றே இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதில் இருக்கிற விஷயத்தை எங்கள் சரக்குக்குப் பொருத்திச் சொல்கிறேன்.

கப்பல்தான் எங்களுக்கு வசதி என்று பையருக்குச் சொல்ல வேண்டும். மூன்று வழி இருக்கிறது. “வி ப்ரிஃபர் ஷிப்பிங் பை சீ டு ஷிப்பிங் பை ஏர்” என்று எழுதலாம். இரண்டு பக்கமும் ‘இங்’, நடுவில் ‘டு’. “வி ப்ரிஃபர் டு ஷிப் பை சீ ராதர் தேன் ஷிப் பை ஏர்” என்றும் எழுதலாம். முதல் பக்கம் ‘டு ஷிப்’, நடுவில் ‘ராதர் தேன்’, அடுத்த பக்கம் வெறும் ‘ஷிப்’. மூன்றாவது, “வி வுட் ராதர் ஷிப் பை சீ தேன் ஷிப் பை ஏர்”. இதில் எந்தப் பக்கமும் ‘டு’ கிடையாது, ‘இங்’கும் கிடையாது. மூன்றும் சரி. தப்பு எங்கே வருகிறது என்றால், ஒன்றின் தலையை எடுத்து இன்னொன்றின் வாலோடு ஒட்டும்போது. “வி ப்ரிஃபர் டு ஷிப் பை சீ தேன் பை ஏர்” என்று எழுதினால் தலை இரண்டாவது வழி, வால் மூன்றாவது வழி. எங்கள் ஊர் மெயில்களில் நான் அதிகமாகத் திருத்துவது இந்த வாக்கியத்தைத்தான்.

ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் டிராஃப்டைக் காட்டினார். இதே வாக்கியம். கூடவே ‘தேன்’ என்ற சொல்லின் நடுவில் ஏ வர வேண்டிய இடத்தில் ஈ விழுந்து, அது ‘தென்’ ஆகியிருந்தது.

“அக்கா, ஸ்பெல் செக் ஒண்ணும் காட்டலையே?”

“காட்டாது தம்பி. ரெண்டுமே இங்கிலீஷ்ல இருக்கிற வார்த்தைதான். ஆனா இதைப் படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? முதல்ல கப்பல், அப்புறம் ஃப்ளைட்னு.”

ஏற்றுமதியில் அப்படி ஒரு முறை நிஜமாகவே இருக்கிறது. பாதித் தூரம் கப்பலில் போய், துபாய் மாதிரி ஓர் இடத்தில் இறக்கி, அங்கிருந்து விமானத்தில் ஏற்றுவார்கள். முழுக்க விமானத்தில் அனுப்புவதைவிடச் செலவு குறைவு, முழுக்கக் கப்பலில் அனுப்புவதைவிடச் சீக்கிரம். அதனால் அந்த மெயில் அப்படியே போயிருந்தால், கப்பலும் விமானமும் கலந்து அனுப்பத்தான் நாங்கள் விரும்புகிறோம் என்று பையர் எடுத்துக்கொண்டிருப்பார். யார் மேலும் குறை சொல்ல முடியாது, வாக்கியம் அப்படித்தான் சொல்கிறது. தம்பி அன்றைக்கு 59-ஆம் பாடத்தை எடுத்து உட்கார்ந்தார். பயிற்சியில் இரண்டு இரண்டு செயலாகக் கொடுத்து, உனக்கு எது பிடிக்கும் என்று நம்மையே எழுதச் சொல்கிறது புத்தகம். ‘டு’ வைத்து எழுதினதை ‘ராதர் தேன்’ வைத்து மாற்றி எழுதுகிற வேலையும் உண்டு. அந்த மாற்றி எழுதுகிற பயிற்சியில்தான் பலன். தலையும் வாலும் மாறாமல் கை பழகிவிடுகிறது.

‘ப்ரிஃபர்’ பக்கத்தில் வருகிற ‘டு’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. ‘டு’ என்று பார்த்ததும் அடுத்து வெறும் வினைச்சொல் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே மனதில் பதிந்துவிட்டது. அதனால் “ப்ரிஃபர் ஷிப்பிங் பை சீ டு ஷிப் பை ஏர்” என்று எழுதிவிடுகிறோம். இங்கே வருகிற ‘டு’ வேறு. ‘ஃப்ரம்’, ‘ஆஃப்’, ‘வித்’ மாதிரி அதுவும் ஒரு ப்ரெபொசிஷன். ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேர்ந்துதான் வரும். 60-ஆம் பாடம் இதைத் தனியாக எடுத்து வைத்து, ஒரே ‘டு’ இரண்டு வேலை பார்ப்பதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. மெயில் கடைசியில் எல்லோரும் போடுகிற “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ” என்பதில் ஏன் ‘ஹியரிங்’ வருகிறது என்பதற்கும் பதில் அதே பாடத்தில். வழக்கமாகக் காப்பி பேஸ்ட் பண்ணுகிற ஒரு வரிக்கும், நாம் கஷ்டப்பட்டு எழுதுகிற ஒப்பீட்டு வாக்கியத்துக்கும் ஒரே விதி என்று தெரிந்த பிறகு, ஜூனியர்கள் அதை மறப்பதில்லை. ஒரு சோதனையும் சொல்லித் தருகிறேன்: அந்த ‘டு’வுக்கு அப்புறம் ‘திஸ்’ என்று போட்டுப் பாருங்கள். “ப்ரிஃபர் ஷிப்பிங் பை சீ டு திஸ்” என்றால் பொருந்துகிறது. அப்படிப் பொருந்தினால் அங்கே ‘இங்’தான்.

59-ஆம் பாடத்திலேயே இன்னொரு நல்ல இடம், ‘வுட் ராதர்’ போட்டு எதிராளி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று சொல்கிற அமைப்பு. “வி வுட் ராதர் யூ அப்ரூவ்ட் த லேப் டிப் டுடே.” (லேப் டிப் என்பது பையர் பார்த்துச் சம்மதிக்க அனுப்புகிற சாயத் துணி மாதிரி.) இன்றைக்கு நடக்க வேண்டிய காரியத்துக்கு இறந்தகால வடிவம். எங்கள் ஆட்கள் இதைப் பார்த்தால் முதலில் தப்பு என்றுதான் சொல்வார்கள். அங்கே காலம் இறந்தகாலமாகாது, வடிவம் மட்டும்தான் அப்படி என்று மர்ஃபி சில வரிகளில் தெளிவாக்கிவிடுகிறார். பையரை நெருக்காமல் நெருக்க இந்த வாக்கியம் நன்றாக உதவும்.

இனி புத்தகம் கைவிடுகிற இடம்.

‘ப்ரிஃபர்’ இல்லாத ஒப்பீடு எழுதும்போது மர்ஃபி நம்மை நடுவழியில் நிறுத்திவிடுகிறார். ‘சீப்பர் தேன்’, ‘ஈஸியர் தேன்’, ‘பெட்டர் தேன்’ எல்லாம் 105-ஆம் பாடத்திலிருந்து வருகின்றன. அங்கே பெயரடை எப்படி மாறும், ‘மச் பெட்டர்’ எப்போது, ‘அஸ் குட் அஸ்’ எப்படி என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஒப்பிடப்படுவது பொருளாக இல்லாமல் செயலாக இருந்தால் எந்த வடிவம் என்பதற்கென்று ஒரு பாடம் கிடையாது. ‘இங்’கும் ‘டு’வும் ஒரு கோடியில், ஒப்பீடு இன்னொரு கோடியில். இரண்டும் சந்திக்கிற இடத்தைப் படிக்கிறவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை பதிப்பு கண்ட புத்தகத்தில் இதற்கு ஒரு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எங்களுக்குத் தேவைப்படுவது அந்தச் சந்திப்புதான். “ஷிப்பிங் பை சீ இஸ் சீப்பர் தேன் டு ஷிப் பை ஏர்” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். அர்த்தம் புரிந்துவிடும். ஆனால் படிக்கிறவருக்கு நடுவில் ஒரு இடறல். ‘ஷிப்பிங்’ என்று ஆரம்பித்தால் ‘தேன் ஷிப்பிங்’ என்று முடிக்க வேண்டும். ‘டு’ வைத்து எழுத ஆசைப்பட்டால் ஆரம்பத்தையே மாற்ற வேண்டும்: “இட் இஸ் சீப்பர் டு ஷிப் பை சீ தேன் டு ஷிப் பை ஏர்.” ஆங்கிலத்தில் செயலை எழுவாயாக முன்னால் வைத்தால் பெரும்பாலும் ‘இங்’ வடிவம் இயல்பாக உட்காரும். ‘இட் இஸ்’ என்று ஆரம்பித்துச் செயலைப் பின்னால் தள்ளினால் ‘டு’ இயல்பாக உட்காரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே எங்கள் மெயில்களில் முக்கால்வாசி சரியாகிவிடும்.

இதில் நமக்கு ஒரு கூடுதல் பலம் இருக்கிறது. தமிழில் “கப்பலில் அனுப்புவதைவிட விமானத்தில் அனுப்புவது செலவு” என்று சொல்லும்போது இரண்டு பக்கமும் ஒரே அச்சு தானாக வந்துவிடுகிறது. “அனுப்புவதைவிட அனுப்ப செலவு” என்று யாரும் சொல்ல மாட்டார்கள், காதே ஒத்துக்கொள்ளாது. அந்தக் காதை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகலாம். சிக்கல் எங்கே என்றால், ஒரு ‘அனுப்புவது’க்கு ஆங்கிலத்தில் இரண்டு உருவம் இருப்பதால் வாக்கியம் நீளும்போது முதல் பாதியில் எதை எடுத்தோம் என்பது மறந்துபோகிறது. நடுவில் ஸ்டைல் நம்பர், பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு சேர வேண்டிய கட்-ஆஃப் தேதி எல்லாம் நுழைந்துவிட்டால் இன்னும் மோசம். ‘தேன்’ டைப் பண்ணுவதற்கு முன்னால் விரலை நிறுத்தி வாக்கியத்தின் முதல் சொல்லைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுவேன்.

இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வருவது மைக்கேல் ஸ்வானின் ‘ப்ராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்’. ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடு, நான்காம் பதிப்பு 2016. இது பயிற்சிப் புத்தகம் கிடையாது. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளும் புத்தகம். இரண்டு இன்ஃபினிட்டிவை ‘அண்ட்’, ‘ஆர்’, ‘தேன்’, ‘அஸ்’ மாதிரி சொற்கள் இணைக்கும்போது இரண்டாவதில் ‘டு’வை விட்டுவிடலாம் என்று ஸ்வான் சொல்கிறார். அதனால் “இட் இஸ் பெட்டர் டு ரீ-டை தேன் ரிஜெக்ட்” என்பதும் சரி, “தேன் டு ரிஜெக்ட்” என்பதும் சரி. ‘ராதர் தேன்’ பற்றியும் அவரிடம்தான் முழு விவரம் கிடைக்கும். வாக்கியத்தின் முதல் பாதியில் ‘டு’வோடு வினை இருந்தால், ‘ராதர் தேன்’னுக்குப் பின்னால் வெறும் வினையும் வரலாம், ‘இங்’கும் வரலாம். “வி டிசைடட் டு ரீ-டை த லாட் ராதர் தேன் ரிஜெக்ட் இட்” என்று எழுதினாலும், “ராதர் தேன் ரிஜெக்டிங் இட்” என்று எழுதினாலும் பையர் முகம் சுளிக்க மாட்டார். மர்ஃபியை மட்டும் படித்தவர் இரண்டாவதைப் பார்த்துத் தப்பு என்று அடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. ‘இன்ஸ்டெட் ஆஃப்’ போட்டால் மட்டும் பேச்சே இல்லை, ‘ஆஃப்’ ப்ரெபொசிஷன், அதனால் ‘இங்’ மட்டும்தான்.

இந்த இரண்டு புத்தகமும் போதுமா என்று கேட்டால், இன்னும் ஒன்றிரண்டு இடம் மெயில் எழுதி எழுதித்தான் பிடிபடும். ஒப்பீட்டின் முதல் பக்கத்தில் வினையே இல்லாத வாக்கியங்கள் இருக்கின்றன. “நத்திங் இஸ் வொர்ஸ் தேன் மிஸ்ஸிங் த வெசல்.” இதில் ஜோடி சேர்க்க முன்னால் வினை கிடையாது. அப்படி இருந்தால் ‘இங்’தான் இயல்பு. ‘நோ பெட்டர் தேன் டு’ என்று வருகிற மரபுத்தொடர் ஒன்று இருக்கிறது (இந்த ‘நோ’ இல்லை என்கிற ‘நோ’ அல்ல, தெரியும் என்கிற ‘நோ’). இன்னதைச் செய்யாத அளவுக்கு விவரம் உள்ளவர் என்று அர்த்தம். அங்கே ‘டு’ கழலாது, அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் ‘ப்ரிஃபர்’ வழக்கத்தைச் சொல்லும்போது ‘இங்’, ‘டு’ இரண்டும் நடக்கும். இந்த ஆர்டருக்கு, இந்த ஒரு தடவைக்கு என்று குறிப்பிட்டுச் சொல்லும்போது ‘வுட் ப்ரிஃபர் டு’ என்றுதான் போக வேண்டும். இது மர்ஃபியிலும் இருக்கிறது, ஆனால் அவசரமாகப் புரட்டுகிறவர்கள் தாண்டிவிடுகிறார்கள். “வி ப்ரிஃபர் ஷிப்பிங் பை சீ” என்றால் எங்கள் கம்பெனி வழக்கமே அது என்று ஆகிறது. “வி வுட் ப்ரிஃபர் டு ஷிப் திஸ் ஆர்டர் பை சீ” என்றால் இந்தச் சரக்குக்கு மட்டும். பேரம் பேசுகிற மெயிலில் இந்த வித்தியாசத்துக்கு விலை உண்டு.

மர்ஃபியின் உதாரணங்களில் விடுமுறை, ரயில், பார்ட்டி, பக்கத்து வீட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் வாழ்க்கை நிறைய. ஆபீஸ் மெயில் குறைவு. படிக்கும்போதே ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்கள் வேலைக்கு மாற்றி எழுதிப் பார்ப்பது நல்லது. டைப்பிங் பக்கம் போகாமல் நோட்டில் கையால் எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் கம்ப்யூட்டர் தானாகத் திருத்திக் கொடுத்துவிட்டால் எங்கே தவறினோம் என்பது தெரியாமலே போய்விடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: பின்னால் விடைகள் இருக்கிற பதிப்பு ஒன்று, விடை இல்லாத பதிப்பு ஒன்று என்று இரண்டு வருகிறது. தனியாகப் படிக்கிறவர்கள் விடைகள் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். விடை இல்லாததைச் சொல்லித் தர ஆள் இருக்கிற வகுப்புக்குத்தான் வாங்க வேண்டும். நகல் எடுத்து விற்கிற பிரதிகளும் நடமாடுகின்றன. என் டீமில் ஒருவர் ஆன்லைனில் வாங்கியது அப்படிப்பட்டது. எழுத்து மங்கல், விடைப் பக்கங்களில் சில காணோம். விலை சந்தேகப்படுகிற அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆங்கிலம் இன்னும் ஆரம்ப நிலையில் இருப்பவர்கள், இதே ஆசிரியர் எழுதிய சிவப்பு அட்டை ‘எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்’ முடித்துவிட்டு இதற்கு வரலாம். நேராக நீலத்துக்கு வந்தால் 53-க்கு மேல் மூச்சு வாங்கும்.

புத்தகம் வந்ததும் ஒன்றாம் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடைசிப் பகுதியில் ஸ்டடி கைடு என்று கேள்விகள் இருக்கின்றன. எதில் தப்பு வருகிறதோ அந்தப் பாடத்துக்கு அதுவே அனுப்பிவிடும். மெர்ச்சண்டைசர்களுக்கு நான் சொல்லும் வரிசை: 59, 60, பிறகு 53-இலிருந்து 58 வரை, அப்புறம் 105-இலிருந்து 107. அதற்குப் பிறகு ஸ்வானில் ‘ராதர் தேன்’ வருகிற பக்கத்தையும், ‘டு’ இல்லாத இன்ஃபினிட்டிவ் பற்றிய பக்கத்தையும் படித்துவிடுங்கள். ஒரு டீமுக்கு ஒரு ஸ்வான் போதும், பொது அலமாரியில் இருக்கட்டும். மர்ஃபி மட்டும் ஆளுக்கொன்று வேண்டும், அதில் பென்சிலால் எழுத வேண்டியிருக்கும்.